குளிரில் திரும்பாத குதிரை: ஏற்காட்டுத் தோட்டத்து .32 ரிவால்வர் ஒன்றின் பழுதாய்வு

பின்னணி

சேர்வராயன் மலையில் காப்பியும் மிளகும் விளையும் ஒரு தோட்டத்தின் உரிமையாளர், மார்கழி முதல் வாரத்தில் சேலத்திலுள்ள எங்கள் கடைக்குத் தம் தகப்பனார் காலத்து ரிவால்வரைக் கொண்டுவந்தார். ஆயுத விற்பனைக்கும் பழுதுபார்ப்புக்கும் முறையான உரிமம் பெற்ற கடை இது. தகப்பனார் மறைந்தபோது, 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொல்கிறபடி குடும்பத்தார் அதைத் தாமதமின்றிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்திருந்தார்கள். பின்னர் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்கீழ் மகன் வாரிசு என்ற முறையில் உரிமம் பெற்று அதை மீட்டுக்கொண்டார். உரிமப் புத்தகத்தின் மூலப்படியும் அவர் கையிலேயே இருந்தது. துப்பாக்கியிலுள்ள எண்ணும் புத்தகத்திலுள்ள எண்ணும் ஒத்துப்போவதைப் பார்த்த பிறகே பதிவேட்டில் ஏற்றினேன்.

அவருடைய குறை ஒரே வாக்கியம்: "குதிரை திரும்ப மாட்டேன் என்கிறது, சார்." அந்த வாக்கியத்தை நான் தவறாகப் புரிந்துகொண்டதில்தான் பாதிப் பிழை தொடங்கியது என்பதால், அதை அவர் சொன்னபடியே இங்கே பதிகிறேன்.

கடைக்கு வந்தபோது கண்டவை

பர்மிங்காமில் செய்யப்பட்ட, ஆறு தோட்டா கொள்ளும், நடுவில் மடித்துத் திறக்கும் பாக்கெட் ரிவால்வர் அது. அதன் சட்டத்தின்மேல், அதாவது மற்றப் பாகங்களைத் தாங்கும் இரும்பு உடலின்மேல், 'வெப்லி அண்ட் ஸ்காட் லிமிடெட்' என்ற பெயர் தெளிவாக இருந்தது. 1897-இல் சில நிறுவனங்கள் இணைந்து உருவான அந்தக் கம்பெனி இந்தச் சுருக்கமான பெயருக்கு மாறியது 1906-இல்தான். ஆகவே துப்பாக்கி அதற்கு முற்பட்டதன்று. குழலிலும், தோட்டாக்களைக் கொள்ளும் சுழல் உருளையான சிலிண்டரிலும் கிரீடத்துக்குக் கீழே பி.வி., பி.பி., என்.பி. என்ற சிறு முத்திரைகள் இருந்தன. 1813-இல் நிறுவப்பட்ட பர்மிங்காம் சோதனைச் சாலை 1904 முதல் 1954 வரை இட்ட முத்திரைகள் இவை. முதலாவது கண்ணால் பார்த்துத் தேர்ந்ததையும், இரண்டாவது வெடித்துச் சோதித்ததையும், மூன்றாவது புகையில்லா வெடிமருந்துக்கும் தாங்கும் என்பதையும் குறிக்கும். பழைய துப்பாக்கியைக் கையில் எடுப்பவர் முதலில் படிக்க வேண்டியது இந்த எழுத்துகளைத்தான். விலையையும் அழகையும் பற்றிய பேச்சு அதற்குப் பின்னால் வரட்டும்.

குழல் முனையிலும் சிலிண்டரின் விளிம்பிலும் கருநீலப் பூச்சு தேய்ந்து வெள்ளி போன்ற நிறம் தெரிந்தது. பல்லாண்டுகள் தோலுறைக்குள் போய்வந்த தேய்மானம் அது. கைப்பிடித் தகடுகள் இரண்டும் வல்கனைட், அதாவது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். ஒன்று புதிது போலக் கருப்பாகவும் மற்றொன்று காப்பித்தூள் நிறத்திலும் இருந்தன. வல்கனைட் வெளிச்சம் பட்டால் பழுப்பாகும். உறையின் மடல் ஒரு பக்கத்தை மூடி, மறுபக்கத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு அலமாரியில் இருந்திருக்கிறது என்று அந்த இரு நிறங்களே சொல்லிவிட்டன.

உறை ஈரமாயிருந்தது. உறையின் வளையங்களில் செருகியிருந்த பழைய தோட்டாக்களின் பித்தளைமேல் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. தோலைப் பதனிடப் பயன்படும் பொருள்களும் மலையின் ஈரக்காற்றும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும்.

கடையில் காலிச் சிலிண்டருடன் டிரிக்கரை அழுத்திப் பார்த்தேன். சுத்தியல் எழுந்து விழுந்தது, சிலிண்டர் சுற்றியது, டிரிக்கர் திரும்பி வந்தது. பத்து முறை, இருபது முறை செய்தும் குறை எதுவும் தென்படவில்லை. அப்போது நேரம் பகல் பன்னிரண்டு. கடைக்குள் முப்பது டிகிரிக்குக் குறையாது. இந்தக் குறிப்பை அன்று நான் எழுதவில்லை, நினைவிலிருந்து இப்போது எழுதுகிறேன்.

முதல் முடிவும் அதற்கான காரணமும்

எங்கள் தொழிலில் 'குதிரை' என்றால் சுத்தியல். மேலே தள்ளி நிறுத்துவதும், பின் பாய்ந்து விழுவதும் அதுதான். வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் 'குதிரை' என்றால் விரலால் இழுக்கும் டிரிக்கர். இரண்டு வழக்குகளும் தமிழில் உண்டு, இரண்டும் தவறல்ல. நான் என் வழக்கின்படி புரிந்துகொண்டு, சுத்தியல் சோம்புகிறது, ஆகவே ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். எண்பது வயதாவது இருக்கக்கூடிய ஸ்பிரிங் தளர்வது இயல்புதானே என்ற எண்ணம் அந்த முடிவுக்குத் துணைபோனது.

இந்த ரிவால்வரின் முதன்மை ஸ்பிரிங், கைப்பிடிக்குள் நிற்கும் வி வடிவத் தகடு. அதன் ஒரு கை சுத்தியலைத் தள்ளுகிறது. மற்றொரு கை ஒரு சிறு நெம்புகோல் வழியாக டிரிக்கரை முன்னிடத்துக்குக் கொண்டுவருகிறது. கைப்பிடித் தகடுகளைக் கழற்றினாலே ஸ்பிரிங்கை எடுத்துவிடலாம். சுத்தியலின் திருகாணியையோ, டிரிக்கரைச் சுற்றியுள்ள காப்பு வளையமான டிரிக்கர் கார்டையோ தொட வேண்டியதில்லை. நானும் அவற்றைத் தொடவில்லை. உள்ளே மஞ்சளாக எண்ணெயும், இடுக்கில் சிவப்பாக ஏதோ ஒன்றும் தெரிந்தன. எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்தேன். சிவப்பைத் துரு என்று வேலைப் பதிவேட்டில் எழுதினேன். பழைய ஸ்பிரிங்கை அளவாக வைத்து, அதைவிடச் சற்றுத் தடித்த ஒன்றைச் செய்து பொருத்தி, பழையதைக் காகிதத்தில் சுற்றி எடுத்துவைத்தேன். அன்று செய்தவற்றில் சரியானது அந்தக் கடைசிக் காரியம் மட்டுமே.

துப்பாக்கி திரும்பிப் போனது. டிரிக்கர் முன்பைவிடக் கனமாகியிருந்தது. தோட்டத்துக்காரருக்கு அதில் திருப்தி. கனமாக இருப்பது பலமாக இருப்பது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

தை மாதத்தில் திரும்பி வந்தது

பொங்கல் கழிந்த பத்தாம் நாள் மறுபடி வந்தார். இரண்டு வாரம் சரியாக இருந்ததாகவும், பின்பு பழைய குறையே வந்துவிட்டதாகவும் சொன்னார். கடையில் சோதித்தபோது முன்போலவே எந்தக் குறையும் இல்லை. இந்த முறை அவரை உட்காரவைத்து, என்ன நடக்கிறது என்பதை வெறும் கையால் செய்துகாட்டச் சொன்னேன். அவர் ஆள்காட்டி விரலை மடக்கினார், மடக்கியபடியே வைத்துக்கொண்டு, "இப்படியே நின்றுவிடுகிறது, சார். நான்தான் விரலால் முன்னே தள்ளிவிட வேண்டியிருக்கிறது" என்றார். அவர் சொன்ன குதிரை டிரிக்கர் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

எப்போது இப்படி ஆகிறது என்று கேட்டேன். விடியற்காலையில், அலமாரியிலிருந்து எடுத்தவுடன். மத்தியானம் பார்த்தால்? மத்தியானம் எடுத்துப் பார்த்ததே இல்லையாம். தகப்பனாரின் வழக்கப்படி, குளித்துவிட்டு, ஆட்கள் பெயர்ப்பதிவுக்கு வருமுன் அதைத் திறந்து காலியாக இருக்கிறதா என்று பார்த்து வைப்பது அவருடைய பழக்கம். அந்த நேரத்தில் மார்கழி, தை மாதங்களில் ஏற்காட்டில் பதின்மூன்று, பதினான்கு டிகிரிதான் இருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி என் கடைக்கு வந்துசேரும்போது அதே இரும்பு முப்பது டிகிரியில் இருக்கிறது. மேலே இருக்கும் நோய் கீழே இறங்கும்போது காணாமல் போய்விடுகிறது.

யார் எண்ணெய் போடுகிறார்கள், என்ன எண்ணெய் என்பது அடுத்த கேள்வி. தோட்டத்தின் பழைய ரைட்டர் (கணக்கர்), ஆயுத பூசைக்கு முதல் நாள், வருடத்துக்கு ஒருமுறை, தேங்காய் எண்ணெய். மறுநாள் பூசையில் சந்தனமும் குங்குமமும் வைப்பது குடும்ப வழக்கம். ஏறக்குறைய நாற்பது வருடமாக இது தவறியதில்லை என்று பெருமையோடுதான் சொன்னார்.

குளிர்ச் சோதனை

தேங்காய் எண்ணெய் சுமார் இருபத்துநான்கு டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழியில் எண்ணெய்ப் புட்டியை வெயிலில் வைக்காத வீடு நம் பக்கம் இல்லை. இருந்தாலும், ஒருமுறை யூகத்தை நம்பி ஸ்பிரிங் செய்தவன் என்பதால், இந்த யூகத்தையும் நம்பத் தயங்கினேன்.

சிலிண்டர் காலி என்பதை இருவரும் பார்த்த பிறகு, துப்பாக்கியைக் காற்றுப் புகாத பாலிதீன் உறையில் வைத்து ஒட்டி, பனிக்கட்டிப் பெட்டிக்குள் ஒரு வெப்பமானியுடன் வைத்தேன். குளிர்ந்த இரும்பை வெளிக்காற்றில் எடுத்தால் உடனே வேர்க்கும், உறை அதற்காகத்தான். ஒன்றரை மணி நேரத்தில் பதின்மூன்று டிகிரி காட்டியது. உறையைப் பிரிக்காமல், வெளியிலிருந்தே டிரிக்கரை இழுத்துவிட்டேன். பின்னாலேயே நின்றது. நான் செய்து பொருத்திய தடித்த ஸ்பிரிங்கால்கூட அதை அசைக்க முடியவில்லை.

பின்பு உறையோடு சேர்த்து அதை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலைந்து நிமிடம் கழித்து டிரிக்கர் தானாக நகரத் தொடங்கியது. எறும்பு ஊர்வதுபோல, கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தால்தான் நகர்ந்தது தெரியும் வேகத்தில், முன்னிடத்துக்கு வந்து நின்றது. தோட்டத்துக்காரர் எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை, பதிவேட்டை எடுத்து, 'ஸ்பிரிங் தளர்ச்சி' என்ற பழைய வரியை அடித்தேன்.

முழுவதும் திறந்தபோது

அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் துப்பாக்கிகளின் திருகாணிப் பிளவு மெல்லியது, பக்கங்கள் நேரானவை. கடையில் கிடைக்கும் திருப்புளியின் நுனி ஆப்புப் போலச் சரிந்திருப்பதால், பிளவின் வாயை மட்டும் பிடித்து வழுக்கி, விளிம்பைக் கிழித்துவிடும். ஆகவே ஒவ்வொரு திருகாணிக்கும் தனித்தனியாக நுனியைச் சாணை பிடித்து, பிளவின் அடிவரை இறங்கி ஆடாமல் நிற்கும்படி செய்துகொண்டேன். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்யும் நண்பர் ஒருவரிடம் வாங்கிய சிறு எஃகுக் கம்பிகள் இதற்கு மிக வாகாக இருந்தன. அன்று மாலை முழுவதும் இந்த வேலைக்கே போனது. நாற்பது வருடமாக எவரும் திருப்பாத திருகாணிகள் என்பதால், மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு வைத்து ஓர் இரவு விட்டுவிட்டேன். காலையில் ஒரு கீறலும் இல்லாமல் வெளிவந்தன.

டிரிக்கர் கார்டையும் டிரிக்கரையும் எடுத்த பிறகுதான் உண்மையான இடம் தெரிந்தது. சிலிண்டரைத் தள்ளும் நாக்கு மேலும் கீழும் போய்வரும் குறுகிய தடம் முழுவதும் ஒரு பசை அடைத்திருந்தது. பழுப்பு நிறம், சிக்கு வாடை; ஊசியால் தொட்டால் மெழுகு போல ஒட்டியது. நகைக்கடை லென்சில் பார்த்தபோது நான் துரு என்று எழுதிய சிவப்பு, குங்குமத் துகள். வெளிறிய மாவாகத் தெரிந்தது சந்தனம். ஒவ்வொரு பூசைக்கும் மேலே வைத்த பொட்டு, அடுத்த வருட எண்ணெயில் கரைந்து உள்ளே இறங்கி, அங்கே தங்கியிருக்கிறது. அடுக்கடுக்காகப் படிந்திருந்ததைப் பார்த்தபோது, மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்களின் நினைவு வந்தது. எண்ணிப் பார்க்கும் அளவுக்குத் தெளிவாக இல்லை.

தேங்காய் எண்ணெய் பழசானால் புளித்து அமிலத் தன்மை கொள்ளும் என்பதால், அடியில் எஃகு கறைபட்டிருக்கும் என்று எதிர்பார்த்தேன். தடத்தின் அடியில் இரண்டு இடங்களில் கருத்த கறை இருந்தது; குழி விழவில்லை. நாக்கின் நுனியும், சிலிண்டரின் பின்புறப் பற்களும் தேய்மானமின்றி இருந்தன. இந்தத் துப்பாக்கி அதிகம் வெடித்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

செய்தவை, செய்யாமல் விட்டவை

பசையை எஃகு முனையால் சுரண்டவில்லை. மூங்கில் குச்சியைச் சீவி, மண்ணெண்ணெயில் நனைத்து, நிறையப் பொறுமையோடு எடுத்தோம். கடைசியாக வெள்ளைப் பெட்ரோலில், கடைக்கு வெளியே திறந்த வெளியில் வைத்துக் கழுவினோம். வல்கனைட் தகடுகளை எந்தத் திரவமும் படாமல் உலர்ந்த துணியால் மட்டும் துடைத்தோம். பாகங்கள் ஒன்றோடொன்று உராயும் புள்ளிகளில் மெல்லிய தாது எண்ணெயை, தையல் ஊசியின் நுனியில் எடுத்து, புள்ளிக்கு ஒரு சொட்டு வீதம் வைத்தோம். நான் செய்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுப் பழையதையே பொருத்தினேன். மறுபடி பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தபோது, பதினொரு டிகிரியிலும் டிரிக்கர் விரலோடு ஒட்டித் திரும்பியது.

தோட்டத்துக்காரருக்கு இன்னொரு விருப்பம் இருந்தது. இத்தனை செலவு செய்கிறோமே, அப்படியே பாலிஷ் போட்டு நிக்கல் முலாம் ஏற்றிவிடலாம் என்றார். சேலத்தில் முலாம் பட்டறைக்குப் பஞ்சமில்லை. நான் மறுத்ததற்குச் சட்டக் காரணம் ஒன்றும் தொழில் காரணம் ஒன்றும் உண்டு. பாலிஷ் சக்கரத்தில் கொடுத்தால் எண்ணும் முத்திரைகளும் மழுங்கும். துப்பாக்கியின் பெயரையோ எண்ணையோ வேறு அடையாளத்தையோ அழிப்பதும் மாற்றுவதும் ஆயுதச் சட்டத்தின் 8-ஆவது பிரிவின்படி குற்றம். மேலும், குழல் முனையின் தேய்மானமும் கைப்பிடியின் இரு நிறங்களும் அவருடைய தகப்பனாரின் பழக்கங்கள் பதிந்த இடங்கள். அவற்றை அழித்துவிட்டால் மிஞ்சுவது எவருடையதுமல்லாத ஒரு பளபளப்பு. இதைச் சொன்னதும் அவர் பழுப்புத் தகட்டைச் சிறிது நேரம் தடவிப் பார்த்துவிட்டு, முலாம் பேச்சை விட்டார்.

தேடாமல் கிடைத்த ஒன்று

சுத்தம் செய்யும்போது சிலிண்டர் அறைகளை அளந்தேன். உரிமப் புத்தகத்தில் '.32' என்று மட்டும் இருந்தது. அந்த எண்ணுக்குக் கீழே இரண்டு நீளங்கள் உண்டு: 1878-இல் வந்த குட்டைத் தோட்டா, கூடு (வெடிமருந்து அடங்கிய பித்தளைக் குப்பி) சுமார் 15.5 மில்லிமீட்டர்; 1896-இல் வந்த நீளத் தோட்டா, கூடு சுமார் 23.4 மில்லிமீட்டர். இந்த ரிவால்வரின் அறைகளில் குட்டைக் கூட்டின் நீளத்திலேயே, அறை குறுகத் தொடங்கும் விளிம்புப் படி இருந்தது. இப்போது நம் நாட்டில் .32 ரிவால்வருக்குப் பொதுவாக விற்கப்படுவது நீளத் தோட்டா. அது இதற்குள் இறங்காது. உறையில் பச்சை பூத்திருந்த பழைய தோட்டாக்கள் குட்டை வகை. மகன் புதுத் தோட்டா வாங்கவே இல்லை என்பதால் இது எவருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது.

இறங்காத தோட்டாவை இறங்கவைக்க அறையைக் குடைந்து நீட்டுகிறவர்கள் உண்டு. மடித்துத் திறக்கும் இந்தச் சிறு சட்டம் குட்டைத் தோட்டாவின் அழுத்தத்துக்கு அளவெடுத்துச் செய்தது. நீளத் தோட்டாவின் அழுத்தம் தாழ்ப்பாளையும் கீலையும் தளர்த்திவிடும். ஆகவே, எவர் கேட்டாலும் அறையைத் தொடக்கூடாது என்று வேலைச் சீட்டில் எழுதி, கையொப்பமிட்டுக் கொடுத்தேன். பழைய தோட்டாக்களைப் பயன்படுத்தாமல் உரிய முறையில் ஒப்படைத்துவிட அவரும் ஒப்புக்கொண்டார்.

பின்னர் நடந்தவை

தோலுறையை நினைவுப் பொருளாகத் தனியே வைத்துவிட்டு, துப்பாக்கியைப் பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மரப்பெட்டியில் வைக்கச் சொன்னோம். பொட்டலத்தை மாதம் ஒருமுறை அடுப்பருகே காயவைப்பதை வீட்டம்மா தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். சிக்கல் பூசையில் வந்தது. பொட்டு வைக்காமல் ஆயுத பூசையா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டிருக்கிறார்கள்; கேட்பது நியாயமும்தான். பெட்டியின் மூடிமேல் வைக்கலாம் என்று நான் சொன்னதை ரைட்டர்தான் முதலில் ஏற்றுக்கொண்டாராம். தாம் போட்ட எண்ணெயால் வந்த வினை என்று அவர் மனம் வருந்தியதாகக் கேள்விப்பட்டு, எண்ணெயே போடாமல் விட்டிருந்தால் மலை ஈரத்துக்கு இந்த எஃகு எப்போதோ துருப்பிடித்துப் போயிருக்கும் என்று அவருக்குச் சொல்லியனுப்பினேன். ஆறுதலுக்காகச் சொன்னதல்ல, அதுதான் உண்மை.

அடுத்த மார்கழியில் ஒரு நாள் காலை ஆறரை மணிக்குத் தொலைபேசியில் அழைத்தார். பனியில் எதிர்த்த வரிசைச் சில்வர் ஓக் மரங்கள்கூடத் தெரியவில்லை என்றும், டிரிக்கர் சரியாகத் திரும்புகிறது என்றும் சொன்னார். இந்த முறை அவர் குதிரை என்று சொல்லவில்லை.

கடையில் மாற்றிக்கொண்டவை

வேலைப் பதிவேட்டில் இப்போது மூன்று பத்திகள் கூடியிருக்கின்றன: குறை தெரிந்த இடம், குறை தெரிந்த நேரம், கடைசியாகப் போட்ட எண்ணெய். வாடிக்கையாளர் எந்தச் சொல்லைச் சொன்னாலும், அந்த உறுப்பை விரலால் தொட்டுக் காட்டச் சொல்கிறோம். ஏற்காடு, கொல்லிமலைப் பக்கத்திலிருந்து வரும் துப்பாக்கிகளைக் குளிர்காலத்தில் ஒருமுறை பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துப் பார்க்காமல் திருப்பித் தருவதில்லை. முழுவதும் கழற்றிப் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் புதிதாகச் செய்வதும் இல்லை. பதிவேட்டில் தவறாக எழுதிய வரியை அழிக்காமல் ஒற்றைக் கோடிட்டு அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதுகிறோம். நான் செய்த அந்தத் தடித்த ஸ்பிரிங், வேலை எண் எழுதிய சீட்டோடு, மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது.